நீலகிரியில் காணொளி எடுக்கக் கேமரா வாங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

மலையில் இருந்துகொண்டு இங்குள்ள சமையலையோ, தோட்ட வேலையையோ, தங்கும் விடுதியையோ காணொளியாக எடுத்து இணையத்தில் வெளியிட விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கேமரா பற்றிய ஆலோசனைகள் இணையத்தில் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை சமவெளி நகரத்தில் இருப்பவர், சமவெளி நகரத்தில் இருப்பவருக்குச் சொல்பவை. மழைக்காலம் முழுவதும் வீட்டுச் சுவர் ஈரமாக இருக்கும் ஊரில், பழுது பார்க்கும் இடத்திற்குப் போக மலை இறங்க வேண்டிய ஊரில், அந்த ஆலோசனைகளை மட்டும் வைத்துக் கேமரா தேர்ந்தெடுப்பது எவ்வளவு சிரமம் என்பதைக் குன்னூரில் இருந்து அலைந்து அறிந்தேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். கொடைக்கானல், பூம்பாறைப் பக்கம் இருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி அப்படியே பொருந்தும். மலை இறங்கும் ஊர் மட்டுமே மாறும்.

1. எதை எடுக்கப் போகிறீர்கள் என்று தாளில் எழுதுங்கள்

எந்தக் கேமரா நல்லது என்ற கேள்விக்குப் பொதுவான விடை கிடையாது. அடுப்படியில் டிரைபாடில் (மூன்று கால் தாங்கியில்) நிறுத்தி எடுக்கும் சமையல் காணொளிக்கு வேண்டியது ஒன்று. தேயிலைத் தோட்டத்தில் நடந்துகொண்டே பேசுவதற்கு வேண்டியது வேறு. முதல் காணொளிக்கு, வெளிச்சம் குறைந்த அறையிலும் தெளிவாகப் பதியும் சென்சாரும் (ஒளியைப் படமாக்கும் சில்லு), பாத்திரத்தின் மேல் தானாகவே உடனே குவியும் ஆட்டோஃபோகஸும் தேவை. இரண்டாவதற்கு அசைவைத் தாங்கும் நிலைப்படுத்தலும், காற்றில் பேச்சு கேட்கும் மைக்கும் தேவை. விடுதியின் அறைகளைக் காட்ட விரும்புகிறவருக்கு அகன்ற கோணம் வேண்டும். பறவைகளையும் காட்டெருமைகளையும் எடுக்க நினைப்பவருக்கு நீண்ட லென்ஸ் வேண்டும், அதற்கான செலவு முற்றிலும் வேறு கணக்கு.

ஆகவே நான்கு கேள்விகளுக்கு விடையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கேமராவை நீங்களே பிடிப்பீர்களா, வேறொருவர் பிடிப்பாரா, நிறுத்தி வைப்பீர்களா? எடுப்பதில் வெளியிடம் அதிகமா, வீட்டிற்குள் அதிகமா? மழையிலும் பனிமூட்டத்திலும் எடுக்க வேண்டியிருக்குமா? படம் நெடுக்காக வேண்டுமா, அகலமாக வேண்டுமா? யூடியூபில் 2024 அக்டோபர் முதல் ஷார்ட்ஸ் மூன்று நிமிடம் வரை இருக்கலாம் என்பதால், நெடுக்குப் படம் மட்டுமே வெளியிட நினைப்பவர்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்குத் தனிக் கேமராவே தேவைப்படாது என்பது என் கருத்து.

2. கைப்பேசியில் எடுத்துப் பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள்

கடந்த சில ஆண்டுகளில் வந்த நடுத்தர விலைக் கைப்பேசிகள், பகல் வெளிச்சத்தில் எடுக்கும் படத்தைப் பொறுத்தவரை, புதியவரின் தேவைக்குப் போதுமானவை. அவை தடுமாறும் இடங்கள் மூன்று: மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும் மழைக்காலச் சமையலறை, தொலைவில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டுவது, நீண்ட நேரம் தொடர்ந்து பதிவு செய்வது. இம்மூன்றில் ஒன்றும் உங்களுக்குத் தேவையில்லை என்றால், ஒரு காலர் மைக்கும் டிரைபாடும் வாங்கிக்கொண்டு கைப்பேசியிலேயே தொடங்குங்கள். இதற்கு 5,000 முதல் 10,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

கைப்பேசியை பைக்கின் கைப்பிடியில் பொருத்தி மலைப்பாதையை எடுக்க வேண்டாம். என்ஜினின் தொடர் அதிர்வு கைப்பேசிக் கேமராவின் நிலைப்படுத்தும் பகுதியைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்தது. கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் எடுத்தே ஆக வேண்டும் என்றால், அதற்கென்று உள்ள ஆக்‌ஷன் கேமராவை வாங்குவதே சரி.

3. பணத்தை முன்கூட்டியே பிரித்து வையுங்கள்

புதியவர்கள் சிக்கும் பெரிய பொறி இதுதான். கையில் உள்ள பணம் முழுவதையும் கேமராவிற்கே கொடுத்துவிட்டு, மைக் இல்லாமலும், ஒரே பேட்டரியோடும், வைப்பதற்குப் பெட்டி இல்லாமலும் வீடு திரும்புகிறார்கள். மொத்தப் பணத்தில் கேமராவிற்கும் அதோடு வரும் லென்ஸிற்கும் அறுபது விழுக்காட்டிற்கு மேல் ஒதுக்க வேண்டாம் என்பது நான் உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்று. மலையில் மீதி நாற்பது விழுக்காடுதான் அந்த அறுபதைப் பயனுள்ளதாக ஆக்குகிறது.

ஒரு லட்சம் ரூபாய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கேமராவிற்கும் கிட் லென்ஸிற்கும் 60,000; கம்பியில்லாக் காலர் மைக்கிற்கு 8,000; கூடுதல் பேட்டரிக்கு 5,000; இரண்டு மெமரி கார்டுகளுக்கு 3,000; டிரைபாடிற்கு 4,000; வீட்டிற்குள் எடுக்க ஒரு எல்.இ.டி. விளக்கிற்கு 4,000, ஈரம் புகாத பெட்டிக்கு 2,000, என்.டி. ஃபில்டருக்கு (லென்ஸிற்குள் வரும் வெளிச்சத்தைக் குறைக்கும் கண்ணாடி) 2,000. மீதமுள்ள 12,000-இல் பாதியைக் காணொளிகளைச் சேமிக்க ஒரு ஹார்ட் டிஸ்கிற்கும், மறுபாதியை முதல் ஆண்டில் வரக்கூடிய பழுதுச் செலவிற்கும் வைத்துக்கொள்ளுங்கள். இவை தோராயமான தொகைகள். பண்டிகைக் காலத்திலும் புதிய மாடல் வரும்போதும் விலை ஏறும், இறங்கும். கேமராவின் மீதான 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. பெட்டியில் அச்சிட்ட விலைக்குள் அடங்கியது. வரி தனி என்று சொல்லி அந்த விலைக்கு மேல் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

கடன் வாங்கிக் கேமரா எடுப்பவர்கள் ஒரு கணக்கை மறக்கக் கூடாது. யூடியூபில் விளம்பர வருவாய் கிடைக்க 1,000 சந்தாதாரர்களும், அவர்களோடு கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையோ, 90 நாட்களில் ஷார்ட்ஸில் ஒரு கோடிப் பார்வைகளோ வேண்டும். இந்த எல்லையை எட்டும்வரை மாதத் தவணையை உங்கள் வேறு வருமானத்தில் இருந்துதான் கட்ட வேண்டும். விடுதி, வீட்டுச் சாக்லேட், தைலம் என்று ஏற்கெனவே தொழில் செய்பவர்கள், அந்தத் தொழிலின் விளம்பரத்திற்காகக் கேமரா வாங்குவதானால், வங்கியில் முத்ரா கடன் (சிறுதொழிலுக்கான மத்திய அரசுத் திட்டம்) கேட்டுப் பார்க்கலாம். அதன் சிசுப் பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையில்லாமல் கொடுக்கிறார்கள். ஆதார், பான், வங்கிக் கணக்கு விவரம், தொழில் நடப்பதற்கான சான்று, கடையில் வாங்கிய கொட்டேஷன் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். உத்யம் என்னும் சிறுதொழில் பதிவை அரசின் தளத்தில் கட்டணமின்றி நீங்களே செய்துகொள்ளலாம். அதற்குப் பணம் கேட்கும் தளங்கள் அரசுத் தளங்கள் அல்ல. வட்டியில்லாத் தவணை என்று கடையில் சொல்வதிலும் செயலாக்கக் கட்டணமும், வட்டித் தொகை மீதான ஜி.எஸ்.டி.யும் சேரும் என்பதால், கையெழுத்திடும் முன் மொத்தம் எவ்வளவு கட்டப் போகிறீர்கள் என்பதைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

4. மைக்கை முதலில் முடிவு செய்யுங்கள்

படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். பேச்சு கேட்கவில்லை என்றால் அடுத்த காணொளிக்குப் போய்விடுகிறார்கள். கோத்தகிரியிலும் தொட்டபெட்டாவிலும் வீசும் காற்றில் கேமராவில் உள்ள மைக்கை நம்பிப் பேசினால் இரைச்சல்தான் பதிவாகும். ஆகவே வாங்கும் கேமராவில் 3.5 மி.மீ. மைக் துளை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த மாடலைப் பட்டியலில் இருந்து எடுத்துவிடுங்கள். ஹெட்ஃபோன் துளையும் இருந்தால் மிக நல்லது, ஆனால் தொடக்க விலைக் கேமராக்கள் பலவற்றில் அது இருக்காது. அப்படியானால் ஒவ்வொரு இடத்திலும் அரை நிமிடம் பதிவு செய்து, கேட்டுப் பார்த்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

காலர் மைக்கோடு வரும் உரோம உறையைத் தொலைத்துவிடாதீர்கள். வெளியில் அதைப் போடாமல் எடுக்கவே கூடாது. காலரில் மாட்டும் டிரான்ஸ்மிட்டரிலேயே தனியாகப் பதிவு செய்துகொள்ளும் வசதி உள்ள மைக் சில ஆயிரம் ரூபாய் கூடுதலாக இருந்தாலும் வாங்கத் தகுந்தது. கேமராவிற்குப் போகும் ஒலி இடையில் அறுந்தாலும் பேச்சு கைவசம் இருக்கும்.

5. கேமராவின் வகையைத் தேர்ந்தெடுங்கள்

இப்போது கேமராவிற்கு வரலாம். புதியவர்களுக்கு உகந்தவை நான்கு வகை.

முதலாவது, லென்ஸை மாற்றக்கூடிய மிரர்லெஸ் கேமரா, அதாவது உள்ளே கண்ணாடி இல்லாத புதிய வகை. 2021-இல் வந்த சோனி இசட்.வி.-இ10, 2022-இல் வந்த நிக்கான் இசட்30, 2023-இல் வந்த கேனான் ஆர்50 ஆகிய மூன்றும் இந்த வகையில் தொடக்க விலைக்குரியவை. மூன்றிலும் கைப்பேசியில் உள்ளதைவிடப் பெரிதான ஏ.பி.எஸ்.-சி. அளவுச் சென்சார் இருக்கிறது. திரையை உங்கள் பக்கம் திருப்பலாம், மைக் துளை உண்டு. மூன்றிலும் கேமராவின் உடலுக்குள் நிலைப்படுத்தும் வசதி இல்லை என்பதையும், மூன்றுமே மழையில் நனைய ஏற்றவை அல்ல என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். நடந்துகொண்டு எடுப்பதற்கு லென்ஸில் உள்ள நிலைப்படுத்தலையும் மின்னணு நிலைப்படுத்தலையும் நம்ப வேண்டும். மின்னணு நிலைப்படுத்தல் படத்தின் ஓரங்களை வெட்டும் என்பதால், கை நீட்டிப் பிடித்துப் பேசும்போது முகமே திரையை நிறைத்துவிடும். பின்னால் இருக்கும் மலை தெரியாது. கடையிலேயே அந்த வசதியை இயக்கி, கையை நீட்டிப் பிடித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, கிம்பல் (கை அசைவை மோட்டாரால் சமன்செய்யும் அமைப்பு) பொருத்திய கையடக்கக் கேமரா. 2023-இல் வந்த டி.ஜே.ஐ. ஆஸ்மோ பாக்கெட் 3 இதற்கு எடுத்துக்காட்டு. ஒரு அங்குலச் சென்சார், நடக்கும்போதும் அசையாத படம், சட்டைப்பைக்குள் அடங்கும் அளவு ஆகியவற்றால், தோட்டத்திலும் சந்தையிலும் நடந்துகொண்டே பேசுகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வகை இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் இது நீர் புகாத கருவி அல்ல. அசையும் பகுதி திறந்தே இருப்பதால், ஜூலை மாதக் கூடலூர் மழையில் வெளியே எடுக்கக் கூடாது.

மூன்றாவது, கோப்ரோ போன்ற ஆக்‌ஷன் கேமரா. கூடுதல் உறை இல்லாமலே 10 மீட்டர் ஆழம் வரை நீரைத் தாங்கும் என்பதால் மழைக்காலத்திற்கு இதுவே துணை. சென்சார் சிறியது ஆகையால் இருட்டிய அறையில் படம் புள்ளிபுள்ளியாகிவிடும்.

நான்காவது, திருமணங்களுக்குப் பயன்பட்டுப் பின் விற்பனைக்கு வரும் பழைய டி.எஸ்.எல்.ஆர். (உள்ளே கண்ணாடி வைத்த முந்தைய வகை) கேமராக்கள். விலை ஈர்க்கும். கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டாம். எடுத்துக்காட்டாக, நம் ஊர்களில் பரவலாகக் கிடைக்கும் கேனான் 200டி மார்க் 2, ஃபுல் ஹெச்.டி.யில் நன்றாகக் குவிக்கும். அதே கேமராவில் 4கே-வைத் (ஃபுல் ஹெச்.டி.யைவிட நான்கு மடங்கு புள்ளிகள் கொண்ட படம்) தேர்ந்தெடுத்தால் வேகமான ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது, படத்தின் ஓரங்களும் வெட்டப்படும். பழையதாகக் கிடைக்கும் மிரர்லெஸ் கேமராவான கேனான் எம்50-இலும் 4கே-யில் இதே குறை உண்டு. அதோடு அந்த எம் வரிசை லென்ஸ்களின் உற்பத்தியையே நிறுவனம் நிறுத்திவிட்டது. பெட்டியில் 4கே என்று எழுதியிருப்பது மட்டும் ஒன்றையும் உறுதி செய்வதில்லை; ஆட்டோஃபோகஸ் அதில் வேலை செய்கிறதா, படம் வெட்டப்படுகிறதா என்ற இரண்டையும் கேட்க வேண்டும்.

உண்மையில் 4கே உங்களுக்குத் தேவையா என்பதையும் இங்கே யோசியுங்கள். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதியும் 4கே காணொளி, ஒரு மணி நேரத்திற்கு 45 ஜி.பி. இடம் பிடிக்கும். எடிட் செய்து முடித்த பத்து நிமிட 4கே காணொளி 3 ஜி.பி. அளவில் இருந்தால், நொடிக்கு 5 மெகாபிட் பதிவேற்ற வேகம் கிடைக்கும் வீட்டில் அதை ஏற்ற எண்பது நிமிடம் ஆகும். ஃபுல் ஹெச்.டி.யில் அதே காணொளியை இருபது நிமிடத்தில் ஏற்றிவிடலாம். மழை நாளில் மின்சாரம் போய் வரும் ஊரில் இந்த வேறுபாடு சிறியதல்ல. தொடக்கத்தில் ஃபுல் ஹெச்.டி. போதும்.

6. ஈரத்திற்கும் குளிருக்கும் ஏற்பாடு செய்யுங்கள்

இந்தப் படியைச் சமவெளிக்காரர்கள் எவரும் சொல்வதில்லை. நமக்கோ இதுவே தலையாயது.

கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை கொட்டும். குன்னூர், கோத்தகிரிப் பக்கத்திற்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. இடைப்பட்ட நாட்களிலும் பனிமூட்டம் சன்னல் வழியே வீட்டிற்குள் வரும். இந்த ஈரத்தில் லென்ஸின் உட்புறக் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கிறது. மெல்லிய சிலந்தி வலை போலத் தொடங்கி, கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிடும். அரித்த பிறகு துடைத்தாலும் தடம் போகாது. லென்ஸைப் பிரித்துச் சுத்தம் செய்யும் செலவு, கிட் லென்ஸாக இருந்தால், பல நேரங்களில் பழைய லென்ஸ் ஒன்றை வாங்கும் விலைக்கு வந்துவிடும்.

தடுப்பது எளிது. காற்றுப் புகாத பெட்டி ஒன்றில் சிலிக்கா ஜெல்லையும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சிறிய ஈரப்பத மானியையும் வைத்து, அதற்குள் கேமராவையும் லென்ஸையும் வையுங்கள். மானி 40 முதல் 50 விழுக்காடு வரை காட்ட வேண்டும். அறுபதைத் தாண்டினால் சிலிக்கா ஜெல்லை எடுத்து வாணலியில் மெல்லிய சூட்டில் வறுத்து, ஆறவைத்து மீண்டும் வைக்கலாம். நிறம் மாறும் வகையாக வாங்கினால் எப்போது வறுக்க வேண்டும் என்பது நிறத்திலேயே தெரியும். இரண்டு மூன்று லென்ஸ்கள் சேர்ந்த பிறகு, மின்சாரத்தில் இயங்கும் உலர் பெட்டியை 7,000 ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கலாம்.

கேமராவைத் தோல் பையிலோ, கேமராவோடு கொடுத்த துணிப்பையிலோ போட்டுப் பீரோவிற்குள் வைக்காதீர்கள். ஈரம் தங்குமிடம் அதுதான். பாச்சை உருண்டையையும் கற்பூரத்தையும் அருகில் வைக்க வேண்டாம், அவற்றின் ஆவி கேமராவிற்கு ஆகாது. மழையில் நனைந்த நாளில் மேலே துடைத்து, பேட்டரியையும் கார்டையும் வெளியே எடுத்து, அறைக் காற்றில் உலரவிட்ட பிறகே பெட்டிக்குள் வையுங்கள்.

பூஞ்சைக்கு அடுத்தது பனித்துளி படிதல். டிசம்பரிலும் ஜனவரியிலும் உதகையில் உறைபனி விழும் காலையில் எடுத்துவிட்டு, சூடேற்றிய அறைக்குள் கேமராவை நேராகக் கொண்டுவந்தால், குளிர்ந்த கண்ணாடியின் மேல் மட்டுமல்ல, உள்ளேயும் ஈரம் படியும். காலையில் உதகையில் எடுத்துவிட்டு மேட்டுப்பாளையத்தின் வெப்பத்தில் பையைத் திறந்தாலும் இதே கதைதான். வெளியில் இருக்கும்போதே கேமராவை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடி, உள்ளே வந்து ஒரு மணி நேரம் அப்படியே வைத்திருங்கள். படிய வேண்டிய ஈரம் உறையின் மேல் படிந்துவிடும்.

குளிரில் பேட்டரி விரைவில் இறங்கும். கூடுதல் பேட்டரியை ஸ்வெட்டருக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். யூ.எஸ்.பி. வழியாக மின்சாரம் பெற்றுக்கொண்டே பதிவு செய்யும் கேமராவாக இருந்தால், பவர் பேங்க் ஒன்று பல மணி நேரத்திற்குத் துணையாகும். கோடையில் சமவெளிக்காரர்களை வாட்டும் கேமரா சூடாகி அணைந்துவிடும் தொல்லை நமக்கு மிகவும் குறைவு. அதற்காகக் கூடுதல் பணம் கொடுத்து மாடலை மாற்ற வேண்டாம்.

7. வாங்கும் முன் வாடகைக்கு எடுங்கள்

கோயம்புத்தூரில் கேமராவை நாள் வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. தொடக்க விலை மிரர்லெஸ் கேமராவிற்கு நாளொன்றுக்குச் சுமார் ஆயிரம் ரூபாய் ஆகும். ஆதார் நகலும், முன்பணமோ இன்னோர் அடையாள ஆவணமோ கேட்பார்கள். மூல ஆவணத்தைக் கொடுக்க நேர்ந்தால் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கருவியை வாங்கும்போதே அதன் கீறல்களையும் லென்ஸையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டால், திருப்பிக் கொடுக்கும்போது வாக்குவாதம் வராது. வீட்டுச் சமையலறையிலும், பனிமூட்டத்திலும், மாலை நேரத்திலும் எடுத்துப் பாருங்கள். பனிமூட்டத்தில் ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் அலைகிறதா என்பதை எந்த விமர்சனக் காணொளியும் உங்களுக்குச் சொல்லாது.

8. வாங்கும்போது ஆவணங்களைச் சரிபாருங்கள்

இணையத்தில் வாங்குவதா, மலை இறங்கிப் போய்க் கடையில் வாங்குவதா? முதல் கேமராவைக் கடையில் வாங்குவதையே நான் பரிந்துரைக்கிறேன். கையில் பிடித்துப் பார்க்கலாம். பழுது வந்தால் பேச ஒரு முகம் இருக்கும். இணையத்தில்தான் வாங்குவது என்றால், உங்கள் பின்கோடிற்கு அந்த விற்பனையாளர் அனுப்புவாரா, திருப்பி எடுத்துக்கொள்ளும் வசதி உங்கள் ஊருக்கும் உண்டா என்று பணம் கட்டும் முன் பாருங்கள். பார்சலின் முகவரி ஸ்டிக்கர் தெரியும்படி தொடங்கி, பெட்டியைத் திறந்து சீரியல் எண்ணைக் காட்டும்வரை இடைவெட்டு இல்லாமல் காணொளி எடுத்து வையுங்கள்.

கடையில் பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை இவை. பெட்டியின் மேல் அதிகபட்ச விலையும், இந்தியாவில் இறக்குமதி செய்த நிறுவனத்தின் பெயரும் முகவரியும், இறக்குமதியான மாதமும் ஆண்டும் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்க வேண்டும். அது இல்லாத பெட்டி வேறு வழியில் வந்தது. பத்தாயிரம் ரூபாய் குறைவாகக் கிடைத்தாலும் இந்திய வாரண்டி கிடைக்காமல் போகலாம். பில்லில் கடையின் ஜி.எஸ்.டி. எண்ணும், உங்கள் பெயரும், கேமராவின் சீரியல் எண்ணும், லென்ஸின் சீரியல் எண்ணும் தனித்தனியாக இருக்க வேண்டும். அந்த எண்கள் கேமராவின் மேலும் லென்ஸின் மேலும் உள்ளவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்று கடையிலேயே பாருங்கள். என் பில்லில் லென்ஸின் எண்ணை எழுதாமல் விட்டிருந்தார்கள். பின்னர் அது பழுதானபோது, வாரண்டியை ஏற்கவைக்கத் திருத்திய பில்லுக்காக மீண்டும் மலை இறங்க வேண்டியிருந்தது. பில் இல்லாமல் விலை குறைத்துத் தருகிறேன் என்று சொன்னால் மறுத்துவிடுங்கள்.

வாரண்டியை இணையத்தில் பதிவு செய்ய வேண்டிய கெடு வாரண்டி அட்டையில் இருக்கும். வீட்டிற்கு வந்த அன்றே பதிந்துவிடுங்கள். பூஞ்சையும் நீர் புகுந்த பழுதும் பொதுவாக வாரண்டிக்குள் வருவதில்லை. பழுதுக்குக் கொடுத்தால் உதிரிபாகம் வரவழைத்துத் திரும்பக் கிடைக்க இரண்டு மூன்று வாரம் ஆகக்கூடும் என்று எண்ணி, ஏப்ரல், மே சீசனுக்குக் கேமரா தேவைப்படுகிறவர்கள் பிப்ரவரியிலேயே வாங்கி, மார்ச் முழுவதும் பயன்படுத்திப் பார்த்துவிட வேண்டும்.

கடை கைவிரித்துவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் பயனில்லை என்றால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, வாங்கியது கோயம்புத்தூரில் என்றாலும் நீங்கள் வாழும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே, அதாவது உதகையிலேயே, புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை. சிக்கல் எழுந்த நாளில் இருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். இது தெரியாமல் பலர் விட்டுவிடுகிறார்கள்.

பழைய கேமரா வாங்குவதானால் கைப்பேசி டார்ச்சை லென்ஸின் ஒரு பக்கத்தில் அடித்து மறுபக்கத்தில் இருந்து பாருங்கள். நூல் இழைகள் போலத் தெரிந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம். உங்கள் மைக்கையும் கார்டையும் எடுத்துச் சென்று, இருபது நிமிடம் தொடர்ந்து பதிவு செய்து பாருங்கள். முதல் உரிமையாளரின் பில் இல்லாத கருவியை வாங்காதீர்கள். அது திருட்டுப் பொருளாக இருந்தால் தொல்லை உங்களுடையது.

9. முதல் வாரத்தில் செய்ய வேண்டிய அமைப்புகள்

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கேமராவில் காணொளி முறையை PAL என்று மாற்றி, நொடிக்கு 25 ஃபிரேம்கள், ஷட்டர் (ஒவ்வொரு ஃபிரேமும் ஒளி பெறும் நேரம்) 1/50 நொடி என்று வைத்தால், பெரும்பாலான விளக்குகளின் கீழ் படத்தில் கோடுகள் ஓடாது. அதை ஆட்டோவில் விட்டால் ஷட்டர் 1/60 போன்ற வேகங்களுக்குத் தாவி, தேயிலைத் தொழிற்சாலைக்குள் எடுத்த படம் முழுவதும் பட்டை பட்டையாக வரும். வெளியில் நண்பகல் வெயிலில் 1/50 வைத்தால் படம் வெளுத்துவிடும், அதற்குத்தான் என்.டி. ஃபில்டர்.

மஞ்சு வந்து போகும்போது ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் (வெளிச்சத்திற்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் வசதி) ஒரே காட்சிக்குள் நீலத்திற்கும் மஞ்சளுக்கும் மாறிக்கொண்டே இருக்கும். வெளியில் 5,500 கெல்வின் அளவில் நிலையாக வைத்துவிடுங்கள்.

மெமரி கார்டில் வி30 என்ற குறி இருக்க வேண்டும். நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதும் என்பது அதன் பொருள். போலிக் கார்டுகள் சந்தையில் நிறைய இருப்பதால், வாங்கியவுடன் கணினியில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற இலவச மென்பொருளால் முழுக் கொள்ளளவையும் சோதித்துவிடுங்கள். சோதிக்காத கார்டை எடுத்துக்கொண்டு உறவினர் வீட்டு விசேஷத்திற்குப் போக வேண்டாம்.

10. எங்கே எடுக்கலாம், எங்கே அனுமதி வேண்டும்

முதுமலை புலிகள் காப்பகச் சாலையில் வண்டியை நிறுத்தி யானையை எடுப்பது தண்டனைக்குரியது. இறங்குவது உயிருக்கே ஆபத்து. முக்குருத்தி போன்ற தேசியப் பூங்காவிற்குள்ளும் சரணாலயத்திற்குள்ளும் படமெடுக்க, வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி வனத்துறையின் எழுத்து மூல அனுமதி வேண்டும். ஏற்கெனவே வேறொருவர் எடுத்து வெளியிட்டிருப்பது உங்களுக்கு அனுமதியாகாது. விண்ணப்பத்தில் நாள், இடம், உடன் வருவோர், கருவிகள், நோக்கம் ஆகியவற்றைத் தெளிவாக எழுதி, பல வாரங்களுக்கு முன்பே கொடுங்கள். டிரோனைக் காட்டின் மேலும், வெலிங்டன், அருவங்காடு பகுதிகளில் உள்ள பாதுகாப்புத் துறை வளாகங்களின் அருகிலும் பறக்கவிடக் கூடாது. அந்த வளாகங்களைத் தரையில் இருந்தும் எடுக்காதீர்கள்.

அரசுத் தாவரவியல் பூங்காவில் கேமராவிற்குத் தனிச் சீட்டு உண்டு. மலை ரயிலில் பயணியாகக் கைப்பேசியில் எடுப்பது வேறு, நிலையத்தில் டிரைபாட் வைத்து வணிக நோக்கில் எடுப்பது வேறு. இரண்டாவதற்கு ரயில்வே அனுமதி பெற வேண்டும். எஸ்டேட்டுகள் தனியார் நிலம் ஆகையால் முதலில் மேலாளரிடமும், பிறகு கொழுந்து எடுக்கும் பெண்களிடம் ஒவ்வொருவராகவும் கேளுங்கள். மேலாளர் சரி என்று சொன்னது அவர்களின் சம்மதம் ஆகாது. தோடர் பழங்குடியினரின் மந்துகளுக்கு (குடியிருப்புகளுக்கு) போனால் ஊர்ப் பெரியவரைக் கண்டு கேட்ட பிறகே கேமராவை வெளியே எடுங்கள்; அவர்களின் கோயில் அருகே அயலார் போகக் கூடாத எல்லை உண்டு, அதை அவர்களே காட்டுவார்கள். சம்மதத்தை மைக்கை இயக்கிக் காணொளியிலேயே பதிவு செய்து, அந்தக் கோப்பை அழிக்காமல் தனியாக வைத்திருங்கள்.